காலஞ்சென்ற எபோ க்வான்சாவின் தொழில் வளர்ச்சி

எபோ க்வான்சா தொழிலில் உருப்பட்டது செத்த பிறகுதான். அதற்கு முன்னால் முப்பத்துநான்கு வருஷம் அதே தொழிலில் உயிரோடு இருந்து பார்த்தான். ஒன்றும் தேறவில்லை.

கானா நாட்டுக் கடலோரத்தில், எங்கள் டக்கோராடியில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. பாட்டுக் கச்சேரி வைப்பான், நாடகம் போடுவான், பாதி நாள் இரண்டையும் ஒரே மேடையில் கலந்து போடுவான். வாத்தியக்காரர்களையும் நடிகர்களையும் ஒரு ஓட்டை லாரியில் அடைத்துக்கொண்டு கிளம்பி, ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போதே ஒலிபெருக்கியை அலறவிடுவான். சந்தை முனையில் ஆள் உயரப் பலகைகளைச் சாய்த்துவைப்பான். பாம்பாக மாறும் சித்தி, பசியில் அழும் அனாதை, கொம்பு முளைத்த பாஸ்டர். அந்தப் பாஸ்டர் எந்த நாடகத்திலும் கடைசிவரை வரமாட்டார். ஆனாலும் கூட்டம் அவரைப் பார்க்கத்தான் வரும். மேடையில் அனாதைப் பெண் பசிக்கிறது என்று அழுதால் ஜனங்கள் எழுந்துபோய் அவள் கையில் ரொட்டியைத் திணிப்பார்கள். சித்தி வந்தால் செருப்பு பறக்கும். ரொட்டியை எல்லோரும் பங்குபோட்டுச் சாப்பிடுவார்கள், செருப்பு ஜோடி சேர்ந்தால் எபோ போட்டுக்கொள்வான்.

பள்ளிக்கூட முற்றம், கோகோ கிடங்கு, லாரி நிலையம் என்று அவன் மேடை போடாத இடமில்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர. கடற்கரைச் சாலையில் இருக்கிற மாண்பு அரங்கம்தான் அது. இரண்டாயிரம் நாற்காலி, சிவப்புத் திரை, நடுங்கவைக்கும் குளிர்சாதனம். கலைமரபு மாண்பு ஆணையம் என்று ஓர் அலுவலகம் அதைக் கட்டிக் காத்துவந்தது. யாரிடமிருந்து காத்தது என்றால், கலைஞர்களிடமிருந்து.

எபோவின் மனைவி எப்போதோ கேப் கோஸ்டில் இருக்கிற தன் தங்கை வீட்டோடு போய்விட்டாள். "அரங்கத்தைக் கட்டிக்கிட்டவனோட எனக்கென்ன வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நியாயமான கேள்விதான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் அவனுக்கு அரங்கம் கிடைத்தே ஆகவேண்டியிருந்தது. காரணம் ஆன்ட்டி ஆரபா. ஆரபா டாட்ஸி, எழுபத்துநாலு வயது. எபோவின் நாடகங்களில் இருபது வருஷம் அனாதைப் பெண்ணாக நின்று பாடியவள். ஐம்பது வயதிலும் அவள் அனாதையாக அழுதால் ரொட்டி வரும், அப்படியொரு குரல். இப்போது அந்தத் தொண்டையில் ஒரு கட்டி. திங்கட்கிழமை பதினெட்டாம் தேதி அறுவை என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். உயிர் பிழைக்கலாம், பாட்டு பிழைக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"எத்தனையோ கோகோ மூட்டைக்கு நடுவுல நின்னு பாடியாச்சு. ஒரே ஒரு தடவ அந்தச் சிவப்புத் திரைக்கு முன்னாடி பாடிட்டு, அப்புறம் தொண்டைய அறுத்துக் குடுத்துடறேன்டா" என்றாள் அவள்.

எபோ ஆணையத்துக்குப் போனான். கவுன்ட்டரில் மேடம் எசில்ஃபி எண்ணெய் சொட்டும் பொஃப்ரோட் உருண்டையை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் மஞ்சள் ஃபாரம் என்னாச்சு?"

"எந்த வருஷத்து ஃபாரம், அங்கிள்?"

"பதினோரு வருஷமா குடுக்கறேன். எதுவா இருந்தாலும் பரவால்ல."

"மஞ்சள்னா உசுரோட இருக்கறவங்க. அதோ, அந்த மேல் ஷெல்ஃப்ல இருக்கு. எட்டாது."

"ஒரு ஸ்டூல் போட்டு எடுக்கலாமே?"

"ஸ்டூலுக்கு எழுதிப் போட்டிருக்கோம்." உருண்டையைக் கடித்தாள். "அதுசரி, கூடவே பங்களிப்புச் சான்றிதழ் வச்சீங்களா?"

"அது எங்க தருவாங்க?"

"இங்கதான்."

"அப்ப ஒண்ணு குடுங்க, தாயே."

"அதெப்படி? செத்தவங்களுக்குத்தான் தருவோம். உசுரோட இருக்கறவங்க பங்களிப்பு இன்னும் முடியலையே, பாதில எப்படிச் சான்று குடுக்கறது?"

இந்த நேரம் பார்த்து ஒருவர் ஊதா ஃபாரத்தோடு உள்ளே வந்தார். போன மாதம் காலமான ட்ரம்பெட் வாசிப்பவரின் மைத்துனராம். மேடம் எசில்ஃபி எழுந்து நின்றாள், கையைத் துடைத்தாள், முகத்தைத் தொங்கப்போட்டாள். ஐந்து முத்திரை, ஐந்து நிமிஷம். அரங்கம், பந்தல், போலீஸ் பேண்டு, டைரக்டர் உரை எல்லாம் இலவசம். செத்த ட்ரம்பெட்காரனை எபோவுக்கு நன்றாகவே தெரியும். ஒன்பது வருஷம் இதே கவுன்ட்டரில் இவனுக்குப் பின்னால் நின்றவன். 'சொந்தபந்தத்துக்குப் பிணத்தின் மேல்தான் பாசம்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சொந்தமே அப்படியென்றால் அரசாங்கத்தைக் கேட்கவா வேண்டும்!

எபோ ஒரு ஊதா ஃபாரம் கேட்டான்.

"அடப்பாவமே, யாரு?" என்று மேடம் எசில்ஃபி மறுபடியும் எழுந்து நின்றாள்.

ஃபாரத்தை அவன் நேரே ஆரபாவின் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"என்னடா, என்னைக் கொல்லப் போறியா?"

"காகிதத்துலதான், ஆன்ட்டி. உங்க நினைவு விழான்னு அரங்கத்தை வாங்கிடலாம். நீங்களே உங்க தங்கச்சி மாதிரி வந்து பாடிட்டுப் போயிடுங்க."

"காகிதத்துல செத்தா வலிக்குமா?"

"வலிக்காது."

"அப்ப எழுதித் தொலை. வயசு மட்டும் அறுபத்தெட்டுன்னு போடு."

ஃபாரத்தில் இரண்டே பெயருக்குத்தான் இடம். மறைந்தவர்: ஆரபா டாட்ஸி. விண்ணப்பதாரர்: எபோ க்வான்சா. மறுநாளே அனுமதி வந்துவிட்டது, பதினாறாம் தேதி சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. பதினோரு வருஷம் தட்டியும் திறக்காத கதவு இப்படித் திறந்ததும் எபோவுக்கு முதுகில் ஏதோ சில்லென்றது. குளிர்சாதனம்தான் என்று சொல்லிக்கொண்டான்.

டைரக்டர் டாக்டர் அமிசா-கூம்சன் துக்கம் விசாரிக்க வேண்டும் என்று தங்கையை வரச்சொன்னார். ஆரபா கறுப்புத் துணி சுற்றி, முக்காடு போட்டுக்கொண்டு போனாள். எபோ பக்கத்தில் நின்றான்.

"உங்க அக்கா எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியாதும்மா" என்று டைரக்டர் கைக்குட்டையை எடுத்தார். "இந்த ஆபீசுக்குப் பதினேழு தடவ வந்திருக்காங்க. பதினேழு தடவையும் நான் உள்ளதான் இருந்தேன். ஜன்னல் வழியா பாப்பேன். அந்த வெயில்ல அப்படியே நிப்பாங்க. என்ன பொறுமை! கலைஞர்னா இப்படி இருக்கணும்னு ஸ்டாஃப் கிட்ட சொல்லிக் காட்டுவேன்."

"உள்ள கூப்பிட்டிருக்கலாமே, சார்?" என்றாள் ஆரபா.

"கூப்பிட்டிருந்தா அந்தப் பொறுமை கெட்டுப் போயிருக்கும்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைக் கல் நெஞ்சுக்காரன்னு சொல்றாங்க. நீங்களே சொல்லுங்க, உசுரோட இருக்கறவனுக்கு அரங்கத்தைக் குடுத்தா என்ன பண்ணுவான்? பாடுவான். சரியா பாடலேன்னா எங்களுக்குக் கெட்ட பேரு. நல்லா பாடிட்டான்னா அடுத்த வருஷமும் வந்து நிப்பான். செத்தவங்க கிட்ட இந்தத் தொல்லையே இல்ல. அவங்க தரம் ஒரே சீரா இருக்கும்."

வெளியே வந்ததும் ஆரபா முக்காட்டை விலக்கி வாசலில் காறித் துப்பினாள். "இவன் சாகறப்ப நான் உசுரோட இருக்கணும்டா, எபோ. கடவுள் கிட்ட அதை மட்டும் கேட்டுக்கறேன்." அன்றைக்கு அவர்கள் இருவரும் வழியெல்லாம் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் சுவரொட்டி வந்தது. எங்கள் ஊரில் சாவுச் சுவரொட்டி ஒட்டாத சுவர் உண்டா? 'அதிர்ச்சி! பேரதிர்ச்சி!' என்று தலைப்பு, தொப்பி போட்ட ஆரபாவின் பெரிய படம், வயது 68. கீழே பிரதான துக்கம் அனுசரிப்பவர்கள் என்று ஆணையத்தின் பதினான்கு அதிகாரிகளின் பெயர்கள், பதவி வரிசைப்படி. மார்க்கெட் வட்டம் முழுக்க அவள் முகம்தான்.

ஆரபா புகைபோட்ட மீன் வாங்கப் போனாள். முப்பது வருஷமாக அவளிடம் பேரம் பேசிச் சண்டை போட்ட மீன்காரி, இவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். மீனைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போங்க, அம்மா. காசெல்லாம் வேணாம். என் பேர மட்டும் சொல்லிடாதீங்க."

செத்தவர்களில் சிலர் போகாமல் இங்கேயே திரிவார்கள் என்பது நாங்கள் அறிந்ததுதான். சமன் என்போம். வேறு தெருவில், வேறு ஊரில், ஒன்றும் நடக்காத மாதிரி மீன் வாங்கிக்கொண்டு, லாரி ஓட்டிக்கொண்டு இருப்பார்கள். அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டால் மறைந்துவிடுவார்கள். அதனால் மரியாதை தெரிந்தவர்கள் கூப்பிடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எபோ போனபோது ஆரபா வீட்டில் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கையில் ஆணையம் அனுப்பிய நிகழ்ச்சி நிரல். விரல் நாலாவது வரியில் நின்றது. 'நிலத்துக்கு மது வார்த்தல். மறைந்தவரின் பெயர் மூன்று முறை அழைக்கப்படும்.'

"இதை நீ எங்கிட்ட சொல்லலையே, எபோ."

முப்பத்துநான்கு வருஷம் நிகழ்ச்சி நடத்தியவன், எந்த நிகழ்ச்சியும் மது வார்க்காமல் தொடங்காது என்பதை மறந்துபோயிருந்தான். ஃபாரத்தைத்தான் பார்த்தானே தவிர, பாட்டிலை யோசிக்கவில்லை.

"காகிதம் காகிதம்தான், கிழிச்சுப் போட்டுடலாம்" என்றாள் அவள். "ஆனா மதுவ ஊத்தி, செத்தவங்களோட சேத்து என் பேரக் கூப்பிட்டுட்டா? ஊத்தினத அள்ள முடியுமா? திங்கக்கிழமை மயக்க மருந்து குடுப்பாங்கடா. அவங்க அந்தப் பக்கத்துலருந்து வான்னு கூப்பிட்டா நான் முழிச்சுக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. எனக்கு அரங்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நீங்க பாடறீங்க. உங்க பேர யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றான் எபோ. எப்படி என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டான்.

ஆணையத்தில் மது வார்ப்பதற்கென்றே ஒருவர் நிரந்தரப் பணியில் இருந்தார். ஒச்சியாமே பொடூ. ஒச்சியாமே என்றால் தலைவர்களுக்காகக் கோல் பிடித்துப் பேசுகிறவர். இவருக்குக் கோலும் உண்டு, காலை எட்டுமணி வருகைப் பதிவும் உண்டு. மேஜை மேல் ஜின் பாட்டில்கள் தேதிவாரியாக நின்றன.

"பேரை விட்டுட்டு வெறும் மதுவ மட்டும் ஊத்த முடியாதா, பெரியவரே?"

"பேரில்லாத மதுவ யாரு குடிக்கறது? ஆடிட்ல கேப்பாங்களே." ஒச்சியாமே அன்பாகத்தான் பேசினார். "தம்பி, நான் மனசுலருந்து கூப்பிடறவன் இல்ல. ஃபைல்லருந்து கூப்பிடறவன். போன வருஷம் மூணு பேரு எழுதியிருந்தாங்க. மூணாவது பேரு தப்பா விழுந்துடுச்சு, நம்ம லைட்டுக்காரன் அக்கூ. ரெண்டாவது வரிசைல உக்காந்து கையக் கைய ஆட்டறான். பாதில நிறுத்த முடியுமா? முடிச்சுட்டேன்."

"அப்புறம்?"

"நாலே மாசம். ஃபைல் சரியாயிடுச்சு."

"வேற யாராவது பேரு? எங்கப்பா போய் இருபது வருஷமாச்சு, அவரு பேரு?"

"புதுப் பேருன்னா புது விண்ணப்பம். முப்பது நாள் ஆகும். பிழைதிருத்தம்னா இன்னைக்கே முடியும். ஆனா ஃபாரத்துல இருக்கற பேருங்கள இடம் மாத்தத்தான் அனுமதி."

"ஃபாரத்துல ரெண்டு பேருதான இருக்கு."

"ஆமா" என்றார் ஒச்சியாமே. "ரெண்டுதான் இருக்கு."

வெளியே யாரோ ட்ரம்பெட் வாசித்துப் பார்த்தார்கள். நாளைக்கு வரப்போகிற போலீஸ் பேண்டு. எபோ அந்தப் பாட்டில்களின் தேதிகளை வரிசையாகப் படித்தான். பிறகு பேனாவை வாங்கி மூன்று பிரதியிலும் எழுதினான். மறைந்தவர்: எபோ க்வான்சா. விண்ணப்பதாரர்: ஆரபா டாட்ஸி. ஒச்சியாமே கையெழுத்தைச் சரிபார்த்தார், முத்திரை குத்தினார். எழுந்து நின்று கோலைத் தாழ்த்தி, "போய் வாருங்கள், ஐயா" என்றார். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆரபாவிடம் அவன் எதையும் சொல்லவில்லை. பேர் மாற்றியாயிற்று என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. கறுப்பும் சிவப்புமாக ஜனங்கள். வாசலில் சுவரொட்டிகள் எல்லாம் திருத்தப்பட்டிருந்தன. தொப்பி போட்ட ஆரபாவின் படத்துக்குக் கீழே எபோ க்வான்சா என்று ஒரு துண்டுக் காகிதம். படத்தை மாற்ற நேரமில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எபோ மேடையோரம் திரைக்குப் பக்கத்தில் நின்றான். ஒச்சியாமே வெறுங்காலோடு நடுவில் வந்தார், கிளாஸை உயர்த்தினார். கடவுளைக் கூப்பிட்டார், பூமியைக் கூப்பிட்டார். பிறகு ஃபைலைப் பார்த்தார்.

"எபோ க்வான்சா! வா, குடி."

ஜின் தரையில் விழுந்தது. இரண்டாயிரம் பேர் "அப்படியே" என்றார்கள். எதிர்த் திரையோரத்தில் நின்ற ஆரபா, வாயைப் பொத்திக்கொண்டு இவனைப் பார்த்தாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது எபோவின் இரண்டு பாதமும் சில்லிட்டுப் போயின. நாக்கில் லேசாக ஜின் ருசி தட்டியது. அவன் வாழ்நாளில் குடித்ததே கிடையாது.

அடுத்தது டைரக்டரின் உரை. அதையும் பேர் மாற்றித் தட்டச்சு செய்திருந்தார்கள். வேறு எதையும் மாற்றவில்லை.

"தேன் குரல் படைத்த எபோ க்வான்சா, இந்நாட்டின் அனாதைப் பெண்களின் கண்ணீரைத் தன் தொண்டையில் சுமந்தாள்! இவ்வாணையம் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. உயிரோடிருந்தவரை அவளை எங்கள் கோப்புகளில் பத்திரமாக வைத்திருந்தோம். இன்று பெருமையோடு சொல்கிறோம், அன்று அவளுக்குக் கொடுக்காத எல்லாவற்றையும் இன்று அவளுக்குக் கொடுக்கிறோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் ஆரபா பாடினாள். எப்படிப் பாடினாள் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. அனாதைப் பெண்ணின் பழைய பாட்டுத்தான், "கதவைத் திற மகனே, மழை என்னைத் தேடுது" என்று வருமே, அது. கட்டி அடைத்த தொண்டையிலிருந்து அது ரத்தமும் சதையுமாக வந்தது. பார்வை எபோவை விட்டு நகரவில்லை. சிவப்புத் திரைக்கு முன்னால், குளிர்சாதன அரங்கத்தில், ஜனங்கள் எழுந்துவந்து அவள் கையில் ரொட்டியைக் கொடுத்தார்கள். எபோ குலுங்கி அழுதான். அவன் பக்கத்தில் நின்ற மேடைத் தொழிலாளி மெதுவாக இரண்டடி தள்ளி நின்றான்.

கடைசியில் டைரக்டர் கேட்டார், "பாடினது யாரு?"

"விண்ணப்பதாரர், சார். ஆரபா டாட்ஸி."

"பரவால்ல, பாடறாங்க. ஆனாலும் மறைந்த எபோ க்வான்சா பாடின மாதிரி வராது."

திங்கட்கிழமை ஆரபா கண் விழித்தாள். பாட்டுப் போய்விட்டது. காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. உயிர் இருந்தது.

எபோவின் தொழில் வளர்ந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். செத்தவர்களுக்கு வருஷா வருஷம் நினைவு விழா கொண்டாட வேண்டும் என்று ஆணையத்தில் விதி இருந்தது. அதனால் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அரங்கம் தானாகக் கிடைத்தது. நிகழ்ச்சியை எபோவே ஏற்பாடு செய்தான். முதல் வருஷம் லாரி நிலையத்துக் கிட்டார்க்காரர்கள் மூன்று பேர். அடுத்த வருஷம் சித்தியாக நடித்துச் செருப்படி வாங்கியே கிழவியானவள். எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள், எல்லோரும் மஞ்சள் ஃபாரக்காரர்கள், செத்தவனின் பெயரைச் சொல்லிச் சிவப்புத் திரைக்கு முன்னால் நின்றார்கள். எபோ க்வான்சா நினைவு விழாவுக்கு அக்ராவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. முப்பத்துநான்கு வருஷம் நாயாக அலைந்தவனுக்குக் கிடைக்காத பேர்.

பேர்தான் இருந்தது. அதை யாரும் அவன் எதிரில் வாயால் சொல்லவில்லை. மக்காச்சோள மாவில் அவித்த கெங்கே விற்கிறவள் பொட்டலத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மினி பஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் அந்த இருக்கை முழுவதும் அவனுக்குத்தான். யாரும் கை குலுக்குவதில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் மரியாதைதான். கூப்பிட்டால் மறைந்துவிடுவானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்ற இரக்கம். எபோ நடுப்பகலில் தெருவில் நின்று தனக்கு நிழல் இருக்கிறதா என்று பார்ப்பான். எங்கள் ஊரில் நடுப்பகலில் யாருக்கும் சரியாக நிழல் விழாது. இது அவனுக்கும் தெரியும். ஆனாலும் பார்ப்பான்.

அவன் கையைப் பிடித்தவள் ஆரபா ஒருத்திதான். "வாடா, உன் ஆன்மாவக் கழுவிடலாம்" என்று அவனைக் கிசுகிசுப்பாகத் திட்டி ஆணையத்துக்கு இழுத்துப் போனாள். வெள்ளைத் துணி, முட்டை, மசித்த கிழங்கு எல்லாம் தயார். செத்தவர்கள் பக்கம் அவனைக் கூப்பிட்ட அதே மேடையில், மது வார்க்கிறவரின் வாய் அவனை உயிரோடிருப்பவர்கள் பக்கம் திருப்பிக் கூப்பிட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

"திரும்பி வர்றதுன்னா உசுரோட இருக்கறவங்க விண்ணப்பம். மஞ்சள் ஃபாரம்" என்றாள் மேடம் எசில்ஃபி. எபோவைப் பார்க்காமல் ஆரபாவைப் பார்த்தே சொன்னாள்.

"ஸ்டூல் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஆனா மேல ஏற முடியாது. இப்ப இருக்கற டைரக்டருக்கு முன்னாடி இருந்து செத்துப்போனவரு நினைவா கறுப்படிச்சு வச்சாச்சு. இப்ப அதுல அவரு ஆன்மா இருக்கு." மூலையில் ஸ்டூல் இருந்தது. செத்த தலைவர்களின் முக்காலிக்கு நாங்கள் படைப்பதுபோல, அதற்கு முன்னால் ஒரு முட்டை வைத்திருந்தார்கள்.

டைரக்டர் ஆரபாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நல்லெண்ணத்தில் எச்சரித்தும் வைத்தார். "மறைந்தவர் திரும்பிட்டாருன்னா விழா அந்த இடத்துலயே ரத்தும்மா. மைக்கை அணைச்சுடுவோம். பத்து நிமிஷத்துல அரங்கம் காலியாகணும். பாத்துக்குங்க." ஆரபா அதை அப்படியே எபோவிடம் வந்து சொன்னாள்.

மூன்றாம் வருஷம் ஜூலையில் ஒச்சியாமே பொடூ காலமானார். அவர் இடம் காலி. விதிப்புத்தகத்தைப் புரட்டி, விண்ணப்பதாரரே மது வார்க்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். விண்ணப்பதாரர் ஆரபா.

"கிளாஸ் என் கையில வருதுடா" என்றாள் அவள். கண் ஜொலித்தது. "கூப்பிடற வாய் என் வாய். உன்னை இந்தப் பக்கம் கூப்பிட்டுடறேன். எவன் தடுக்கறான் பாக்கலாம்."

எபோ அன்றைக்குத் தூங்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவனுக்கு நன்றாகப் பசித்தது. திரும்பி வந்ததும் யாரிடம் முதலில் கை குலுக்குவது என்று யோசித்துக்கொண்டே கிடந்தான்.

விழா நாளில் முன் வரிசையில் கறுப்பும் சிவப்பும் போர்த்திய நாற்காலி ஒன்று காலியாக இருக்கும், மறைந்தவருக்கு. எபோ அதில் உட்கார்ந்தான். வழக்கம்போல யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் மேடை ஏற வேண்டியவர் பழைய கோமாளி க்ரென்ட்சில், வயது எண்பத்தொன்று. இரண்டு முறை பக்கவாதம் வந்தவர். திரை சரியாக மூடாத இடைவெளியில் எபோவுக்கு அவர் தெரிந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, நடுங்கும் வாயைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதற்குள்ளேயே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக மஞ்சள் ஃபாரம் கொடுத்தவர். அடுத்த வருஷத்துக்கு அவர் இருக்கப்போவதில்லை.

ஆரபா வெறுங்காலோடு மேடையில் வந்து நின்றாள். மைக்கில் அவள் கிசுகிசுப்பு அரங்கம் முழுக்கப் பரவியது. கடவுளைக் கூப்பிட்டாள், பூமியைக் கூப்பிட்டாள். எபோவை நேராகப் பார்த்தாள். அரை நொடியில் திருப்பிக் கூப்பிட்டுவிடுவாள்.

எபோ மறுபடியும் அந்த இடைவெளியைப் பார்த்தான். பிறகு ஆரபாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அவள் அப்படியே நின்றாள். அவனும் விடாமல் ஆட்டினான்.

"எபோ க்வான்சா" என்றாள் ஆரபா. மூன்று வருஷமாக அவன் முகத்தைப் பார்த்து யாரும் சொல்லாத பேர். "வா, குடி."

மூன்று முறை ஊற்றினாள். மூன்று முறையும் இரண்டாயிரம் பேர் "அப்படியே" என்றார்கள். திரை விலகியது. க்ரென்ட்சில் காலை இழுத்துக்கொண்டு வந்து, மைக்கைப் பார்த்து, அது தன் மாமியார் என்று நினைத்துப் பயந்து கும்பிட்டார். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. எபோவும் சிரித்தான், கண்ணில் நீர் முட்டச் சிரித்தான். தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். "ஒரு வாய் தண்ணி குடுங்களேன், அண்ணா" என்று எபோ கையை நீட்டினான்.

பெரியவர் மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மூடியைத் திறந்து, அவன் காலடியில் மூன்று சொட்டு ஊற்றினார்.